கைராசி கற்ற இயந்திரம்

மருதப்பன் டாக்டர் கை வைத்தால் பாடையில் கிடப்பவன்கூட எழுந்து உட்கார்ந்து காபி கேட்பான் என்று அந்த ஊரில் சொல்வார்கள். சும்மா சொல்லவில்லை. இத்தனை வருஷத்தில் இதயக் குழாய் அடைப்பை விரித்துப் பிடிக்கும் வலைக்கம்பியான ஸ்டென்டை அவரிடம் வைத்துக்கொண்ட யாராவது நெஞ்சுவலியில் செத்திருந்தால் காட்டுங்கள் பார்ப்போம் என்று சவால் விடுவார்கள். ஒருத்தராலும் காட்ட முடியாது. பாதி வீடுகளில் சாமி படங்களுக்குக் கீழே அவர் படமும் மாட்டியிருக்கும். வெள்ளிக்கிழமை அதற்கும் ஒரு முழம் பூ உண்டு.

இந்தக் கைராசியைத்தான் பெரிய ஆஸ்பத்திரிக் கம்பெனி ஒன்று விலைக்கு வாங்கியது. டாக்டருக்கு வயதாகிவிட்டது, கை நடுங்க ஆரம்பித்திருந்தது. ஆஸ்பத்திரியைக் கொடுத்துவிட்டு அடுத்த காம்பவுண்டிலிருந்த வீட்டோடு இருந்துவிட்டார். கம்பெனிக்குக் கட்டடமும் கட்டிலும் ஒரு பொருட்டில்லை. அவர்களுக்கு வேண்டியது படங்கள். தலைமுடி கனமுள்ள ஒளிக்கம்பி ஒன்றை இதயத்தின் ரத்தக் குழாய்க்குள் விட்டு, உள்ளே இருந்தபடியே சுவரைப் படம் எடுக்கும் கருவியை ஜில்லாவிலேயே முதலில் வாங்கியவர் மருதப்பன். வாங்கிய பெருமையில், ஸ்டென்ட் வைத்த ஒவ்வொருவருக்கும் படம் எடுத்துச் சேர்த்து வைத்திருந்தார். அவற்றையெல்லாம் ஓர் இயந்திரத்துக்குக் காட்டி அவருடைய வித்தையை அதற்குப் பழக்கிவிட்டால், கம்பெனியின் ஆஸ்பத்திரி ஒவ்வொன்றிலும் ஒரு மருதப்பன் இருப்பார். இதுதான் திட்டம். இயந்திரத்துக்கு ‘ராசி’ என்றே பெயர் வைத்தார்கள்.

ராசிக்குப் படம் படிக்கச் சொல்லிக்கொடுத்தவள் மாரிச்செல்வி. உள்ளூர்க்காரி. படங்களை இயந்திரம் ஆராய்வது எப்படி என்று ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கியவள். ‘ஊசி போடத் தெரியாத டாக்டர்’ என்று அவளுடைய அக்கா பேச்சியம்மாள் வாய்க்கு வாய் கேலி செய்வாள். செல்விக்குக் கோபம் மூக்கு நுனியில். அது தெரிந்தேதான் அக்கா சீண்டுவாள்.

ஒருநாள் காலையில் செல்வி தலைமை இதய மருத்துவர் வித்யாசாகரின் அறைக்குள் விறுவிறுவென்று போனாள். கம்பெனி சென்னையிலிருந்து அனுப்பியிருந்த ஆள் அவர். ராசியும் அவர் பொறுப்பில்தான் இருந்தது.

“சார், மருதப்பன் அய்யா வெச்ச ஸ்டென்ட்ல முக்காவாசிக்கு மேல நூத்துக்கு நூறு வாங்குது.”

“அதனாலதானே செல்வி ஆஸ்பத்திரியையே வாங்கினோம்?”

“விளையாடாதீங்க சார். ஸ்டென்ட் நல்லா விரிஞ்சிருக்கா, அந்த வலைக்கம்பி எல்லாம் சுவரோட ஒட்டியிருக்கா, எங்கேயாவது இடைவெளி இருக்கா, இதுக்குத்தான் ராசி மார்க் போடுது. மத்த ஊர்ப் படங்களைப் பாருங்க. கொழுப்பு ஒரு பக்கம் பிதுங்கும். சுண்ணாம்பு ஒரு பக்கம் கல்லா நிக்கும். எப்பேர்ப்பட்ட டாக்டர் வெச்சாலும் கொஞ்சமாவது கோணும். அய்யாவோடது மட்டும் வளையல் மாதிரி வட்டமா உட்கார்ந்திருக்கு. ஒண்ணு ரெண்டுன்னா சரி. பத்துக்கு எட்டு சார்!”

“கைராசிதான், வேறென்ன?”

“கைராசியாவது மண்ணாங்கட்டியாவது! நான் ஸ்டென்டை விட்டுட்டு அதுக்குப் பின்னாடி இருக்கிற சுவர் எப்படி இருக்குன்னு ராசியைப் பார்க்கச் சொன்னேன். நல்ல குழாயா இருந்தா சுவர் மூணு அடுக்கா பளிச்சுன்னு தெரியும். நோய் வந்துட்டா அடுக்கெல்லாம் கலங்கிப்போயிடும். இந்தப் படங்கள்ல மூணு அடுக்கும் முழுசா இருக்கு. அடைப்பே இல்லாத குழாய்க்குள்ள ஸ்டென்ட் வெச்சிருக்கார் சார் அந்த மனுஷன்!”

வித்யாசாகர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். ஆச்சரியப்பட்டிருந்தால் கதவைச் சாத்தத் தோன்றியிருக்காது. இவருக்கு இது முன்பே தெரியும் என்று செல்விக்கு அப்போதே விளங்கிவிட்டது.

“உட்காருங்க. இது மாதிரி டாக்டர் ஊருக்கு ஒருத்தர் உண்டு. உண்மையிலேயே முத்திப்போன கேஸ் வந்தா மதுரைக்கு அனுப்பிடுவார். செத்தா அது மதுரைக்காரங்க தலையில. லேசா வலிக்குதுன்னு வர்றவங்களைப் படுக்க வெச்சுக் கம்பியை விடுவார். கம்பி முனை பட்டா நல்ல குழாய்கூடக் கொஞ்ச நேரம் சுருங்கும். அந்த நேரத்துல ஒரு படம். ‘பாருங்க, நூலாட்டம் ஆயிடுச்சு’ன்னு சொந்தக்காரங்களைக் கூப்பிட்டுக் காட்டினா யாரும்மா எதிர்த்துப் பேசுவாங்க?”

“தெரிஞ்சுமா இதை ராசிக்குப் பாடமாக் கொடுத்தீங்க?”

“ராசிக்கு நோய்னா என்னன்னே தெரியாது செல்வி. அதுக்குத் தெரிஞ்சது ரெண்டே விஷயம். ஸ்டென்ட் எவ்வளவு அழகா உட்கார்ந்திருக்கு, வெச்சப்புறம் ஆள் உயிரோட இருக்காரா. இந்த ரெண்டும் பிரமாதமா வந்த பழைய கேஸ் மாதிரியே புதுசா ஒருத்தர் வந்தா, பச்சை விளக்கு போட்டு ‘வை’ன்னு சொல்லும்.”

பாதகத்தி நான், இதைத்தான் இத்தனை நாள் மடியில் போட்டு வளர்த்தேனா என்று செல்வி தன்னையே திட்டிக்கொண்டாள்.

“அப்போ அது நல்ல குழாயாப் பார்த்துத்தானே வைக்கச் சொல்லும்?”

“சொல்லுதே. போன மாசத்திலிருந்து நம்ம ஆஸ்பத்திரி எல்லாத்துலயும். ஒரு சாவு இல்ல. தலைமை ஆபீஸ்ல கேக் வெட்டினாங்க.”

“நோயே இல்லாதவனுக்கு வைத்தியம் பார்த்தா அவன் எப்படி சார் சாவான்? நாய்க்குக்கூடத் தெரியுமே இது! நிஜமாவே அடைப்போட வர்றவன் கதி?”

“அவங்களுக்குச் சிவப்பு விளக்கு. வேற இடம் பார்த்துக்கச் சொல்லிடுவோம்.” அவர் குரலை உயர்த்தவே இல்லை. “உங்களைச் சுவரைப் பத்தி யார் கேட்டா? ஸ்டென்ட் எப்படி உட்கார்ந்திருக்குன்னு சொன்னாப் போதும். அந்தச் சுவர் பார்க்கிற வேலையை எடுத்துடுங்க.”

தன் அறைக்கு வந்த செல்வி உடனே ஒரு பெயரைத் தேடினாள். கனகவேல். பேச்சியம்மாளின் புருஷன், அவளுக்கு அத்தான். அப்பா இல்லாத வீட்டில் அவளைப் படிக்க வைத்தவர். காலண்டர் அச்சாபீஸில் வேலை. ஒருநாள் நெஞ்சு கரிக்கிறது என்று மருதப்பனிடம் போனார், ஸ்டென்டோடு திரும்பி வந்தார். அன்றிலிருந்து ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை. நாலு வருஷம் கழித்து அச்சாபீஸில் குனிந்து நிமிரும்போது இரும்புச் சட்டத்தில் மண்டை இடித்தது. மற்றவனுக்கு என்றால் ஒரு புடைப்போடு போயிருக்கும். அவர் சிரித்துக்கொண்டே டீ குடித்தார், வீட்டுக்கு வந்தார், பேச்சு குழறியது, மண்டைக்குள் ரத்தம் நிற்காமல் கசிந்து மறுநாள் போய்ச் சேர்ந்தார். எமன் நெஞ்சு வழியாக வர முடியாமல் தலை வழியாக வந்துவிட்டான், அதற்கு அய்யா என்ன செய்வார் என்று பந்தலில் பேசிக்கொண்டார்கள்.

திரையில் கனகவேலின் ரத்தக் குழாய் வந்தது. மூன்று அடுக்கும் கலையாமல், ஒரு குறையில்லாத குழாய். நடுவில் வட்டமாக ஸ்டென்ட். நூற்றுக்கு நூறு.

செல்வி மேஜையிலிருந்த டம்ளரைத் தூக்கிச் சுவரில் அடித்தாள். அழுகை வரவில்லை. அழுகை வந்திருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். அன்றே மருத்துவத் துறைக்குப் புகார் எழுதினாள். ஆதாரப் படங்களைச் சம்பந்தப்பட்ட ஆஸ்பத்திரி நிர்வாகத்தின் மூலமாக அனுப்பிவைக்கவும் என்று பதில் வந்தது. திருடனிடமே சாவியைக் கொடுத்து அனுப்பச் சொல்கிறார்கள் என்று அதைக் கிழித்துப் போட்டாள். மறுபடி எழுதினாள். அதற்குப் பதிலே இல்லை.

அடுத்த வாரம் பேச்சியம்மாளே வந்து படுத்துவிட்டாள்.

காலையில் நெஞ்சை அடைக்கிறது என்றிருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆட்டோவில் ஏற்றி நேராக இங்கே கொண்டுவந்துவிட்டார்கள். செல்விக்குத் தகவல் வந்து அவள் மாடியிலிருந்து ஓடி வருவதற்குள் கம்பி விட்டுப் பார்த்தாகிவிட்டது. ராசி பச்சை காட்டியாகிவிட்டது. பேச்சியம்மாள் பச்சைக் கவுனைப் போட்டுக்கொண்டு, வளையலையெல்லாம் கழற்றி முந்தானையில் முடியப் பார்த்து, முந்தானை இல்லாததால் உள்ளங்கையில் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள். நடைக்கூடத்தில் தெருவே நின்றது.

செல்வி படத்தைப் பார்த்தாள். கொழுப்பு இல்லை, சுண்ணாம்பு இல்லை. கம்பி பட்ட இடத்தில் மட்டும் லேசாகச் சுருங்கியிருந்தது.

“அக்கா, எந்திரி. வீட்டுக்குப் போவோம். உனக்கு ஒண்ணும் இல்ல.”

“ஒண்ணும் இல்லாமலா உசுரு போற மாதிரி இருந்துச்சு? டிவியில காட்டினாகடி. குழா நூலா இழுத்துக்கிட்டு நிக்கு.”

“கம்பி பட்டதுல சுருங்கினது அது. தானா விரிஞ்சிரும். நீ ராத்திரி மிச்சமான கருவாட்டுக் குழம்பைக் காலையில வெறும் வயித்துல சாப்பிட்டியா, இல்லையா?”

“சாப்பிட்டா? கருவாட்டுக் குழம்புக்கும் நெஞ்சுக்கும் என்னடி சம்பந்தம்? ஊசி போடத் தெரியாத டாக்டரெல்லாம் எனக்கு வைத்தியம் சொல்லாதீக.”

“அக்கா, கெஞ்சிக் கேக்கேன். இதை வெச்சுட்டா ரத்தம் உறையாத மாத்திரையைச் சாப்பிட்டுத்தான் ஆகணும். அத்தான் சாப்பிட்டாரே, அதே மாத்திரை. அத்தானுக்கும் ஒண்ணும் இல்லக்கா. நான் படத்தைப் பார்த்துட்டேன். சும்மா இருந்த குழாய்ல வெச்சிருக்காரு அந்த ஆளு. அத்தானைக் கொன்னதே அந்த ஸ்டென்ட்தான்!”

பளார் என்று அறை விழுந்தது. உள்ளங்கையிலிருந்த வளையல்கள் தரையில் உருண்டு ஓடின. பேச்சியம்மாள் படுக்கையில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

“வாயைக் கழுவுடி! யாரைப் போய் ‘ஆளு’ன்னு சொல்லுத? நாலு வருஷம் நான் பூவும் பொட்டுமா இருந்தது அய்யா போட்ட பிச்சை. அந்த நாலு வருஷத்தையும் பொய்யிங்கியா நீ? அவுக செத்தது விதி. அய்யாவால செத்தாகன்னா நான் என்னடி பண்ணுவேன்? வருஷாவருஷம் திதியன்னைக்கு அந்த மனுசன் கால்ல விழுந்து எந்திரிச்சேனே, அதை எங்க கொண்டுபோய்க் கழுவ?”

செல்வி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அக்காமேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. வரவேண்டிய இடம் வேறு.

“அய்யா வந்து வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லட்டும்,” என்றாள் பேச்சியம்மாள், மூச்சு வாங்கியபடி. “எந்திரிச்சு வந்துருதேன்.”

அது போதும் செல்விக்கு. செருப்பைக்கூடப் போடாமல் ஓடினாள்.

மருதப்பன் சாப்பாட்டு மேஜையில் ஸ்பூனால் இட்லியைப் பிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை நடுக்கத்தில் பாதி சட்டையில் சிந்தியிருந்தது. பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. அந்தப் பாவத்தைப் பார்க்க அவளுக்கு நேரமில்லை.

“உங்க கைராசியை மிஷினுக்குக் கத்துக்கொடுத்தோமே, அது நல்லாவே படிச்சிருச்சு அய்யா. எங்க அக்காவைப் படுக்க வெச்சிருக்கு.”

“மெதுவாப் பேசும்மா. யாரு நீ?”

“அச்சாபீஸ் கனகவேலோட கொழுந்தியா. அவரு குழாய்ச் சுவர்ல மூணு அடுக்கும் முழுசா இருந்துச்சு. உங்களுக்கு அன்னைக்கே தெரியும். எனக்கு இப்பத்தான் தெரியும்.”

ஸ்பூன் தட்டில் விழுந்தது. இந்த வார்த்தையை அவரிடம் இதுவரை ஒருவரும் சொன்னதில்லை என்று அவர் முகமே சொன்னது.

“நான் பட்டணத்துல படிச்சிட்டு வந்த முதல் வருஷம், வைத்தியம் பார்த்தவங்க வரிசையாப் போயிட்டாங்கம்மா. எல்லாம் நிஜமான நோயாளிங்க. ராசியில்லாத டாக்டர்னு பேரு. எதிர்ல வந்தாக்கூட ஒதுங்கிப் போவாங்க.”

“அதுக்கு?”

அவர் சட்டையில் சிந்திய இட்லியைத் தட்டிவிட்டார்.

“எனக்கு உங்க கதை வேண்டாம். அக்கா படத்தைப் பார்த்து, வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க. அது ஒண்ணு போதும். எந்திரிங்க.”

எழுந்து வந்தார். அந்த மட்டுக்கு அவரைப் பாராட்டித்தான் ஆகவேண்டும். நடைக்கூடத்தில் அவரைக் கண்டதும் கூட்டம் விலகிக் கும்பிட்டது. ஒருத்தி குழந்தையின் தலையில் கை வைக்கச் சொல்லி நீட்டினாள். அவர் யாரையும் பார்க்காமல் திரைமுன் போய் நின்றார். வித்யாசாகர் நாற்காலி போட்டார், மருதப்பன் உட்காரவில்லை. வெகு நேரம் பார்த்துவிட்டு, பேச்சியம்மாளின் கட்டிலருகே வந்தார்.

“உனக்கு இது வேண்டாம்மா. வீட்டுக்குப் போ.”

செல்விக்கு உடம்பெல்லாம் லேசானது. பாவி மனுஷன், வாழ்நாளில் ஒருதடவையாவது உண்மையைச் சொன்னாரே என்று நினைத்தாள். அக்காவின் செருப்பைத் தேடிக் கட்டிலுக்குக் கீழே குனிந்தாள்.

செருப்போடு நிமிர்ந்தபோது பேச்சியம்மாளின் முகம் செத்துப்போயிருந்தது.

“அய்யா... கைவிரிச்சிட்டீகளா?”

“அப்படியில்லம்மா. நீ நல்லா இருக்க.”

“நல்லா இருந்தா நீங்க ஏன் அய்யா அனுப்புதீக? நீங்க வேண்டாம்னு யாரை அனுப்பியிருக்கீக? மேலத்தெரு கோமதியை அனுப்பினீக, மூணாம் நாள் போனா. பால்கார அண்ணனை அனுப்பினீக, மதுரை போய்ச் சேரல. முத்திப்போய், இனிமே பிழைக்காதுன்னு தெரிஞ்சவுகளைத்தானே அய்யா அனுப்புவீக? அவுகளுக்கும் நல்லா இருக்கன்னுதானே சொல்லி அனுப்பினீக?”

வெளியே யாரோ வாயில் துணியை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார்கள். மருதப்பனே கைவிட்டுட்டார் என்று கடைசி ஆள்வரைக்கும் போய்விட்டது. செல்விக்கு இப்போதுதான் உறைத்தது. இந்த ஊரில் அந்த மனுஷன் வாயிலிருந்து வரும் ‘வேண்டாம்’ என்ற சொல்லுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் இருந்தது. அந்த அர்த்தத்தை முப்பது வருஷம் உட்கார்ந்து உண்டாக்கியவரும் அவரேதான்.

“ஏன் வேண்டாம்னு சொல்லுங்க அய்யா!” அவள் கத்தினாள். “நல்ல குழாய்க்குத்தான் இத்தனை நாளும் வெச்சேன், இவளுக்கும் நல்ல குழாய், இதோட போதும்னு சொல்லுங்க! எல்லாரும் கேக்கட்டும். சொல்லுங்க!”

மருதப்பன் வாயைத் திறந்தார். கூட்டத்தைப் பார்த்தார். அத்தனை பேரும் அவர் வைத்த ஸ்டென்டோடு நின்றார்கள், அல்லது புருஷனுக்கோ அம்மாவுக்கோ அவர் வைத்ததற்காகக் கும்பிட்டபடி நின்றார்கள். திறந்த வாயை மூடிக்கொண்டார். பேச்சியம்மாளின் தலையில் நடுங்கும் கையை ஒருமுறை வைத்துவிட்டு, வந்த வழியே போய்விட்டார். அந்தக் கையை முறித்துப் போட்டிருக்கவேண்டும் என்று செல்வி பிற்பாடு பலநாள் நினைத்தாள்.

தலையில் கை வைத்ததுதான் எல்லாவற்றையும் முடித்துவிட்டது. சாகப்போகிறவளுக்குச் செய்த ஆசீர்வாதம் என்று பேச்சியம்மாள் விம்மி விம்மி அழுதாள்.

வித்யாசாகர் பக்கத்தில் வந்தார். அவருக்கு எப்போதும்போல் மெதுவான குரல். “அம்மா, அய்யா பழைய காலத்து ஆள். ராசி இன்னமும் பச்சைதான் காட்டுது. உங்க இஷ்டம்.”

பேச்சியம்மாள் அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “அந்த மிஷினே வெக்கட்டும் சார். அய்யாவாலேயே ஆகாதது அதாலயாவது ஆகுதான்னு பாத்திருவோம்.”

“அக்கா, நான் சொல்றதைக் கேளு...”

“நீ வெளியே போடி. என்னைப் பயங்காட்டிக் காட்டியே கொன்னுராதே.” கையெழுத்துப் போட்டாள். உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது மட்டும் தலையைத் திருப்பி, “எனக்கு ஏதாச்சும் ஆனா வீட்டைப் பாத்துக்கோ” என்றாள். செல்வி தரையில் குந்தி, சிதறிய வளையல்களைப் பொறுக்கினாள்.

ஸ்டென்ட் நூற்றுக்கு நூறு வாங்கியது. வாங்காமல் வேறென்ன செய்யும்?

மூன்றாம் நாள் பேச்சியம்மாள் தன் காலால் நடந்து வீட்டுக்கு வந்தாள். தெருவே ஆரத்தி எடுத்தது. மருதப்பன் அய்யாவே கைவிட்ட கேஸு, மிஷின் பிழைக்க வெச்சிருச்சு என்று பஸ் ஸ்டாண்ட் வரை பேச்சு. அடுத்த திங்கட்கிழமை காலையில் ஆஸ்பத்திரி வாசலில் டோக்கன் தீர்ந்துபோனது. லேசாக வலிக்கிறவர்கள், போன மாதம் எப்போதோ வலித்தவர்கள், இனிமேல் வலித்துவிடுமோ என்று பயந்தவர்கள், எல்லோரும் வரிசையில் நின்றார்கள். செல்வி ராஜினாமாவை எழுதிக் கொடுத்துவிட்டு அந்த வரிசையைத் தாண்டித்தான் வெளியே வந்தாள். ஒவ்வொருவராகப் பிடித்து உலுக்கி, ஸ்டென்ட் வேண்டாம், வீட்டுக்குப் போங்கள் என்று சொன்னாள். “நம்ம பேச்சி தங்கச்சிதானே நீ? அவளைப் பிழைக்க வெச்ச இடத்தையே குறை சொல்றியே” என்று ஒரு பெரியவர் காறித் துப்பினார்.

வீட்டில் பேச்சியம்மாள் சாப்பிட உட்கார்ந்திருந்தாள். அறைந்ததற்குப் பிறகு இரண்டு பேரும் சரியாக முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவளே கூப்பிட்டாள்.

“ஏட்டி, இந்தா. இது சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

செல்வி வாங்கிப் பார்த்தாள். அத்தான் சாப்பிட்ட அதே மாத்திரை. போன வாரம்வரை இந்த உடம்புக்கு இது தேவையில்லாத விஷம். இப்போது இதைச் சாப்பிட்டால் ஒரு சின்ன அடிகூட ஆளைக் கொண்டுபோகும். சாப்பிடாவிட்டால் புது ஸ்டென்டில் ரத்தம் உறைந்து, நன்றாக இருந்த இதயம் நின்றுபோகும். அட்டையைத் தூக்கி ஜன்னல் வழியே எறியக்கூட வழியில்லாமல் செய்துவிட்டார்களே சண்டாளர்கள் என்று பல்லைக் கடித்தாள். பிறகு ஒரு மாத்திரையைப் பிதுக்கி எடுத்து அக்காவின் உள்ளங்கையில் வைத்தாள்.

“பின்னாடிக்கா,” என்றாள். “ஒருநாள்கூட விட்டுராதே.”